ஒரே ஒரு டி-ஷர்ட்டை வச்சு பிசினஸ் கத்துக்கலாம் வாங்க

காலேஜுக்கு பிசினஸ் பத்தி பேச வர்ற கெஸ்டுங்க எல்லாம் பேஷன், விஷன், ரிஸ்க் எடுங்கன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு சால்வையும் மொமெண்டோவும் வாங்கிட்டு கிளம்பிடுவாங்க. ஒரு பொருளுக்கு அடக்கம் எப்படி போடறதுன்னு ஒருத்தர் கூட போர்டுல எழுதி காட்டி நான் பார்த்ததில்ல. அதான் இத எழுதறேன். நான் காமர்ஸ் கூட கிடையாது, மெக்கானிக்கல். மூணாவது வருஷம் டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்கு டி-ஷர்ட் அடிச்சு விக்கலாம்னு நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் இறங்கினோம். கோயம்புத்தூர்ல பஸ் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல திருப்பூர், அங்க காதர்பேட்டைல தெரு முழுக்க ஹோல்சேல் கடை, இதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சோம்.

இங்க டி-ஷர்ட்னு சொல்றேன், நீங்க பிரவுனி, ஊறுகாய், போன் கவர், எது விக்கறதா இருந்தாலும் கணக்கு இதே தான், பேர மட்டும் மாத்தி படிச்சுக்கங்க.

பஸ்ல போறப்பவே மனக்கணக்கு போட்டோம். வாங்கறது 140, விக்கறது 250, பீஸுக்கு 110 நிக்கும், 100 பீஸ் வித்தா 11,000 ரூபா. ஆளுக்கு எவ்வளவுன்னு கூட பிரிச்சு முடிச்சாச்சு, ஒருத்தன் அவன் பங்குல ஷூ வாங்கறதா ஐடியா. இந்த 11,000 எப்படி 900 ஆச்சுங்கறது தான் பாடமே.

முதல்ல அடக்கம். அடக்கம்னா வாங்கின விலை மட்டும் இல்ல, அந்த பொருள் கஸ்டமர் கைக்கு போய் சேர்ற வரைக்கும் ஆகற அத்தனை செலவும். ஒரு நோட்டுல ரெண்டு பக்கம் எடுங்க. இடது பக்கம், ஒரு பீஸ் கூடினா கூடற செலவு எல்லாம். எங்களுக்கு பிளெயின் டி-ஷர்ட் 140, பிரிண்ட் 35, கவர் 3, மொத்தம் 178. வலது பக்கம், ஒண்ணு அடிச்சாலும் நூறு அடிச்சாலும் மாறாத செலவு. ஸ்க்ரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன் போடணும், எங்க டிசைன்ல மூணு கலர், ஸ்க்ரீனுக்கு 400 வீதம் 1,200. டிசைன் பண்ணி குடுத்தவனுக்கு 500, சாம்பிள் பீஸ் 300, பஸ் சார்ஜும் பார்சலும் 600, போஸ்டர் அது இதுன்னு 400. மொத்தம் 3,000. இந்த வலது பக்கத்த தான் புதுசா ஆரம்பிக்கற எல்லாரும் மறந்துடறாங்க. நாங்களும் மறந்தோம்.

வலது பக்கம் எப்பவும் நம்ம முடிவுல தான் இருக்கு. மூணு கலருக்கு பதிலா ஒரே கலர்ல டிசைன் பண்ணியிருந்தா 800 ரூபா அப்படியே மிச்சம், சட்டைய போட்டுட்டு சுத்தறவனுக்கு மூணாவது கலர் இல்லன்னு தெரியவே போறதில்ல.

இப்ப 250ல 178 போனா ஒரு பீஸுக்கு 72. இந்த 72 இன்னும் லாபம் இல்ல, முதல்ல அந்த 3,000த்த அடைக்கணும். 3,000த்த 72ஆல வகுத்தா 41.67, அதாவது 42 பீஸ் விக்கற வரைக்கும் நீங்க சும்மா கடைய திறந்து வச்சிருக்கீங்க, 42க்கு அப்புறம் விக்கற ஒவ்வொண்ணும் தான் லாபம். இதுக்கு பேரு பிரேக் ஈவன். எக்ஸாமுக்கு கிராஃப் எல்லாம் போட சொல்வாங்க, நமக்கு இந்த ஒரு வகுத்தல் போதும். எந்த ஐடியா தோணினாலும் முதல்ல இத போட்டு பாருங்க, உங்க கிளாஸ்ல மொத்தமே 60 பேரு, பிரேக் ஈவனே 55ன்னு வந்தா அந்த ஐடியாவ அங்கேயே விட்டுடலாம்.

டிஸ்கவுண்ட் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இது பார்க்க சின்ன விஷயமா தெரியும். ஜூனியர்ஸ் வந்து "அண்ணா பத்து பெர்சண்ட் குறைங்க"ன்னு கேட்டாங்க. பத்து பெர்சண்ட் தான, 25 ரூபா, போகட்டும்னு தோணும். ஆனா அந்த 25 ரூபா 250ல இருந்து போகல, உங்க 72ல இருந்து போகுது. 72 இப்ப 47. பிரேக் ஈவன் 42ல இருந்து 64க்கு ஏறிடும். முன்னாடி கிடைச்ச அதே லாபம் கிடைக்க பாதிக்கு மேல கூடுதலா விக்கணும். விலைல பத்து பெர்சண்ட், லாபத்துல முப்பத்தஞ்சு பெர்சண்ட். ஜவுளிக்கடைல ஆடித் தள்ளுபடி குடுக்கறாங்களே, அவங்க மட்டும் எப்படி குடுக்கறாங்கன்னு கேட்டா, அவங்களுக்கு தேங்கி கிடக்கற சரக்கு தீபாவளி சரக்குக்கு இடம் விடணும், பணம் சுத்தணும், அது வேற கணக்கு. உங்களுக்கு அந்த அவசியம் இல்லாதப்ப ஏன் குறைக்கணும்? குறைச்சே ஆகணும்னா எதையாவது வாங்கிட்டு குறைங்க, பத்து பேர கூட்டிட்டு வா, முழு காசையும் இன்னைக்கே குடு, அப்படி.

சரி, சரக்கு. காதர்பேட்டைல நாங்க போன கடைல அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே "சைஸ் எழுதிட்டு வந்தீங்களா தம்பி?"

எழுதல. "எல்லாத்துலயும் இருபது இருபது போடுங்ணா"ன்னோம். அவர் ஒரு செகண்ட் எங்கள பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல, ஸ்மால் மீடியம் லார்ஜ் எக்ஸ்எல் டபுள் எக்ஸ்எல் எல்லாத்துலயும் இருபது கட்டி குடுத்துட்டாரு. மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்ல ஸ்மால் சைஸ் போடறவன் எத்தன பேரு இருப்பான்? மீடியமும் லார்ஜும் ரெண்டாவது நாளே காலி, எக்ஸ்எல்லும் பின்னாடியே போயிடுச்சு, கேட்டு கேட்டு திரும்பி போனவனுங்க பதினஞ்சு பேராவது இருக்கும், ஆனா எங்க ஹாஸ்டல் ரூம் கட்டிலுக்கு அடில ஒன்பது ஸ்மாலும் மூணு டபுள் எக்ஸ்எல்லும் கிடந்துச்சு. மொத்தம் 12 பீஸ், ஒவ்வொண்ணுலயும் எங்க 178 ரூபா முடங்கி கிடக்கு. டெட் ஸ்டாக்னா இது தான். ஒரே நேரத்துல சரக்கு பத்தாமலும் இருக்கு, சரக்கு தேங்கியும் இருக்கு, ரெண்டும் சேர்ந்து நடக்கும்னு அன்னைக்கு தான் தெரிஞ்சது. சிம்போசியம் பேரும் வருஷமும் வேற பெருசா அடிச்சாச்சு, அடுத்த வருஷம் யாரு வாங்குவா.

இப்ப கடன். வித்த 88ல 14 பேரு "மச்சி அடுத்த வாரம் தரேன்டா" கேஸு. கிளாஸ்மேட்டு, எப்படி கேக்கறது.

கணக்க பாருங்க. 88 பீஸ் 250 வீதம் 22,000 வியாபாரம். செலவு, 100 பீஸுக்கு 17,800 கூட 3,000 சேர்த்தா 20,800. பேப்பர்ல 1,200 லாபம். ஆனா 14 பேரோட 3,500 வரல, கைக்கு வந்தது 18,500 தான். அதாவது லாபத்துல ஓடற பிசினஸ், ஆனா பிரிண்டிங் அண்ணனுக்கு பாக்கி குடுக்க 2,300 ரூபா இல்ல. அவர் போன் பண்ணி "என்ன தம்பி, ஃபங்ஷன் முடிஞ்சிருச்சுல்ல?"ன்னு கேக்கறாரு, அவர்கிட்ட போய் எங்களுக்கு பேப்பர்ல லாபம் இருக்குங்ணான்னு சொல்ல முடியுமா? ஒருத்தன் மெஸ் பில் கட்ட வச்சிருந்த காச எடுத்து தான் குடுத்தோம்.

இந்த ஒரு இடத்த ரெண்டு தடவ படிங்க. வியாபாரம் வேற, லாபம் வேற, கைல இருக்கற காசு வேற. 22,000, 1,200, மைனஸ் 2,300. மூணும் ஒரே நாள், ஒரே டி-ஷர்ட்டோட கணக்கு. திருப்பூர் பக்கம் பெரிய ஆளுங்க பேசறப்ப "ஆர்டர் இருக்கு, ரொட்டேஷன் தான் இல்ல"ன்னு சொல்வாங்க, அந்த ரொட்டேஷன் இது தான். நூல் குடுத்தவனுக்கு இன்னைக்கு காசு குடுக்கணும், துணி வாங்கினவன்கிட்ட இருந்து மூணு மாசம் கழிச்சு காசு வரும், நடுவுல இருக்கற அந்த நாளுங்கள யாரு தாங்கறது. நிறைய கம்பெனி நஷ்டத்துல மூடறதில்ல, இந்த இடைவெளில மூச்சு முட்டி மூடுது.

எங்க கதைய முடிச்சுடறேன். 14 பேர்ல 8 பேரு குடுத்தாங்க, 6 பேரு இன்னைக்கு வரைக்கும் குடுக்கல (ஒருத்தன் கல்யாணத்துக்கு போயி மொய் வேற வச்சுட்டு வந்தேன்). அந்த 1,500 போச்சுன்னா 1,200 லாபம் மைனஸ் 300 ஆச்சு. தேங்கின 12ல பத்த ஃபர்ஸ்ட் இயர் பசங்ககிட்ட 120 ரூபான்னு தள்ளி விட்டோம், 1,200 வந்துச்சு, ஆக மொத்தம் 900. மீதி ரெண்டுல ஒண்ணு எங்க வீட்ல வண்டி துடைக்குது. மூணு பேரும் அலைஞ்சது ஆளுக்கு இருபது மணி நேரம்னு வச்சா கூட மணிக்கு 15 ரூபா. உழுதவன் கணக்கு பார்த்தா உழக்கு கூட மிஞ்சாதுன்னு ஆத்தா சொல்றது இதான். ஆனா பிசினஸ்ல கண்டிப்பா அந்த கணக்க பார்க்கணும், உங்க நேரத்துக்கும் ஒரு விலை போட்டு அடக்கத்துல எழுதுங்க, எழுதாம வர்றது லாபம் இல்ல, உங்க கூலி.

அடுத்த வருஷம் என்ன மாத்தினோம்னா, வரிசைய புரட்டி போட்டோம். முதல்ல காசு, அப்புறம் சரக்கு. அஞ்சு சைஸ்லயும் ஒவ்வொரு பீஸ் சாம்பிளுக்கு வாங்கிட்டு வந்து கேண்டீன் பக்கத்துல மாட்டி வச்சு, போட்டு பார்த்து சைஸ் சொல்லுன்னோம். கூகுள் ஃபார்ம்ல பேரு, கிளாஸு, சைஸு, யுபிஐ டிரான்சாக்ஷன் நம்பர், நாலே கேள்வி. 260 ரூபா விலை, 150 அட்வான்ஸ் குடுத்தா தான் பேரு லிஸ்ட்ல ஏறும், மீதி 110 குடுத்தா தான் சட்டை கைக்கு வரும், ஃப்ரெண்டா இருந்தாலும் சரி ஹெச்ஓடியா இருந்தாலும் சரி. 120 ஆர்டர். டேமேஜுக்கு நாலு சேர்த்து 124 அடிச்சோம், அளவு கூடினதால அடக்கம் 170க்கு வந்துச்சு, வலது பக்கத்த 2,400க்கு குறைச்சோம். மொத்த செலவு 23,480, அதுல 18,000 அட்வான்ஸாவே வந்தாச்சு, எங்க கைக்காசு 5,480 மட்டும். வியாபாரம் 31,200. லாபம் 7,720. அதே பசங்க, அதே கடை, அதே பஸ்ஸு. காசு வர்ற நாளையும் போற நாளையும் இடம் மாத்தினது தான் பெரிய வித்தியாசம். கட்டிலுக்கு அடில ஒண்ணும் இல்ல.

இதுல சின்ன பயம் ஒண்ணு இருந்துச்சு, அட்வான்ஸ் கேட்டா எவனும் வரமாட்டான்னு. வந்தாங்க. வராதவன் கடனா வாங்கிட்டு குடுக்காம போக இருந்தவன்னு இப்ப தோணுது. "சூப்பர் ஐடியா மச்சி"ன்னு நூறு பேரு சொல்றதும் ஒருத்தன் 150 ரூபா ஜிபே பண்றதும் ஒண்ணு இல்ல. மார்க்கெட் சர்வேன்னு புராஜெக்ட்டுக்கு ஃபார்ம் அனுப்பி வாங்குவீங்களா மாட்டீங்களான்னு கேக்கறீங்க பாருங்க, அதுல எல்லாரும் வாங்குவேன்னு தான் டிக் அடிப்பாங்க, டிக்குக்கு காசு இல்லயே.

விலைய பத்தி இன்னொரு விஷயம், நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. கடலூர்ல சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயோட ஷாம்பு கம்பெனி ஆரம்பிச்சாரு, அது தான் சிக் ஷாம்பு, இப்ப கெவின்கேர். அவரோட அப்பா சின்னிகிருஷ்ணன் தான் சாஷே பாக்கெட்டுக்கே முன்னோடி. பாட்டில் வாங்க முடியாத வீட்ல ஷாம்பு ஆசை இல்லாம இல்ல, ஒரே தடவைல அவ்வளவு காசு எடுக்க தான் முடியல. அளவ சின்னதாக்கி விலைய சில்லறைக்குள்ள கொண்டு வந்ததும் கிராமத்து பெட்டிக்கடை வரைக்கும் தொங்குச்சு. அப்புறம் அவங்க காலி பாக்கெட்ட கொண்டு வந்தா ஒரு பாக்கெட் ஃப்ரீன்னு ஒரு ஆஃபர் விட்டாங்க, முதல்ல எந்த கம்பெனி பாக்கெட்டா இருந்தாலும் ஓகே, பிறகு சிக் பாக்கெட் மட்டும் தான்னு மாத்தினாங்க. யோசிச்சு பாருங்க, மத்த கம்பெனி கஸ்டமர முதல்ல இழுத்து, அப்புறம் தன்கிட்டயே உக்கார வச்சாச்சு. உங்க கேண்டீன்ல 80 ரூபா பிரவுனி போகலன்னா பிரவுனி நல்லா இல்லன்னு அர்த்தம் இல்ல, 30 ரூபாய்க்கு சின்ன துண்டு வச்சு பாருங்க, அடக்கம் தாங்குதான்னு அந்த இடது பக்கத்துல போட்டு பார்த்துட்டு.

பார்ட்னர்ஷிப்புக்கு வருவோம், ஃப்ரெண்ட்ஷிப் உடையறதே இங்க தான். மூணு பேரு சேர்ந்தா யாரு எவ்வளவு முதல் போட்டா, யாரு என்ன வேலை, லாபம் எப்படி பிரியும், நஷ்டம் வந்தா எப்படி, ஒருத்தன் நடுவுல பிளேஸ்மெண்ட் கிடைச்சு போயிட்டா என்ன, இந்த அஞ்சையும் ஒரு பேப்பர்ல எழுதி மூணு பேரும் கையெழுத்து போடுங்க. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா கூட பரவாயில்ல, எதுவுமே இல்லாததுக்கு அது மேல். 1932ல வந்த கூட்டாண்மை சட்டம், எதுவும் பேசிக்கலன்னா லாபம் நஷ்டம் ரெண்டும் எல்லாருக்கும் சமம்னு தான் சொல்லுது. நீங்க 8,000 போட்டு ராத்திரி பகலா அலைஞ்சிருப்பீங்க, அவன் 1,000 போட்டு ஸ்டேட்டஸ் மட்டும் வச்சிருப்பான், பேசிக்கலன்னா ரெண்டு பேருக்கும் சமம். இன்னொண்ணு, பிசினஸுக்காக பார்ட்னர் வாங்கின கடனுக்கு நீங்களும் பொறுப்பு, உங்க சொந்த காசு வரைக்கும். அதனால கூட சேர்க்கற ஆள பார்த்து சேர்த்துக்கங்க.

முதல் எங்க இருந்து வரும்? படிக்கறப்ப வட்டிக்கு வாங்காதீங்க, அவ்வளவு தான் என் அபிப்ராயம். நம்ம ஊர்ல "மூணு வட்டி"ன்னு சாதாரணமா சொல்வாங்க, கேக்க மூணு பெர்சண்ட் மாதிரி இருக்கும், ஆனா அது நூத்துக்கு மாசம் மூணு ரூபா, வருஷத்துக்கு 36 பெர்சண்ட். உங்க பிசினஸ் வருஷத்துக்கு 36 பெர்சண்டுக்கு மேல சம்பாதிச்சா தான் முதல் ரூபா உங்களுக்கு. படிச்சு முடிச்சுட்டு நிஜமாவே பண்ண போறீங்கன்னா சின்ன தொழிலுக்கு மத்திய அரசு திட்டத்துல குடுக்கற முத்ரா லோன்ல, சிசு பிரிவுல 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம பேங்க்ல கேக்கலாம், தமிழ்நாடு அரசோட நீட்ஸ் திட்டத்துல முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கு 25 சதவீதம் மானியம் உண்டு, ரெண்டு விவரமும் உங்க மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க. லைன்ல நிக்கணும், பேப்பர் கேப்பாங்க, ரெண்டு மூணு தடவ நடக்கணும், ஆனா மூணு வட்டிய விட அந்த நடை மலிவு.

பதிவு, வரி விஷயம், இத சீக்கிரமா சொல்லிடறேன். பொருள் விக்கறவங்களுக்கு வருஷ வியாபாரம் 40 லட்சம், சர்வீஸ் பண்றவங்களுக்கு 20 லட்சம், அத தாண்டினா தான் நம்ம மாநிலத்துல ஜிஎஸ்டி பதிவு. ஆனா சில கைவினைப் பொருள தவிர மத்த சரக்க வெளி மாநிலத்துக்கு விக்கறதா இருந்தா முதல் ரூபாய்ல இருந்தே பதிவு வேணும், இன்ஸ்டால ஆர்டர் எடுத்து பெங்களூருக்கு அனுப்பறவங்க இத கவனிங்க. ஜிஎஸ்டி இல்லன்னா நீங்க வாங்கற சரக்குல கட்டற வரி திரும்ப வராது, அதுவும் அடக்கத்துல சேரும், அதனால கடைக்காரர் 140ன்னு சொன்னா வரியோடவா வரி இல்லாமயான்னு அப்பவே கேளுங்க. உத்யம் பதிவு (சின்ன தொழிலுக்கான மத்திய அரசு பதிவு) முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேணும், கூகுள்ல தேடினா 2,000 ரூபா கட்டுன்னு வர்ற சைட்டு எல்லாம் கவர்ன்மெண்ட் சைட்டு இல்ல. சாப்பாட்டு பொருளா இருந்தா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு (உணவு பாதுகாப்பு பதிவு) கண்டிப்பா எடுக்கணும், வீட்ல செஞ்சாலும் தான். காலேஜ் பேரு, லோகோ போட்டு விக்கறதா இருந்தா எழுத்துல பர்மிஷன் வாங்குங்க, எங்க ஹெச்ஓடி வாய்ல சரின்னாரு, பிரின்ஸிபல் ஆபீஸ்ல கூப்பிட்டு யார கேட்டு அடிச்சீங்கன்னாங்க, அது தனி கதை.

நோட்டு போடறத சொல்லிட்டு முடிக்கறேன். மொபைல் ஆப் எல்லாம் அப்புறம், முதல் மாசம் கையால எழுதுங்க. தேதி, என்ன, வந்தது, போனது, மிச்சம். அஞ்சு கட்டம். நாங்க ரெண்டாவது தடவ வித்தப்ப போட்ட நோட்டுல ஒரு பக்கம் இன்னும் இருக்கு, "டீ 45, மூணு பேரு" அப்படின்னு ஒரு வரி, அதுக்கு கீழ வேற கையெழுத்துல "இது பிசினஸ் செலவா?"ன்னு ஒரு கேள்வி, அதுக்கும் கீழ "திருப்பூர் போனப்ப குடிச்சது, ஆமா". இந்த சண்ட எல்லாம் நோட்டுல நடந்ததால எங்களுக்குள்ள நடக்கல. பிசினஸ் காசுக்கு தனி அக்கவுண்ட் வச்சுக்கங்க, வீட்ல இருந்து வர்ற ஹாஸ்டல் ஃபீஸும் டி-ஷர்ட் அட்வான்ஸும் ஒரே அக்கவுண்ட்ல விழுந்தா ரெண்டு நாள்ல எது யாரோடதுன்னு தெரியாது, பிரியாணிக்கு போனது எந்த காசுன்னு சுத்தமா தெரியாது.

பிளஸ் டூல தமிழ் மீடியம் அக்கவுண்டன்சி படிச்சவங்களுக்கு ஒரு குழப்பம் வரும், வரவு செலவுல வர்ற வரவும் பற்று வரவுல (டெபிட், கிரெடிட்) வர்ற வரவும் ஒண்ணு இல்ல. பேங்க்ல இருந்து கிரெடிட் ஆச்சுன்னு மெசேஜ் வந்தா அது பேங்க் அவங்க பக்கத்துல இருந்து எழுதினது, உங்க காசு அவங்களுக்கு கடன், அதான் கிரெடிட். உங்க நோட்டுல அதே காசு பற்று பக்கம் போகும். இது புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா அஞ்சு கட்ட நோட்டுக்கு இது தேவையே இல்ல, எப்பவாவது ஆடிட்டர்கிட்ட போறப்ப பார்த்துக்கலாம்.

இந்த வாரம் ஆரம்பிக்கணும்னா அந்த ரெண்டு பக்கத்த மட்டும் எழுதுங்க, இடது பக்கம் வலது பக்கம், வகுத்து எத்தன பீஸ்னு பாருங்க. திருப்பூர் போறதா இருந்தா ஸ்டேஷன்ல இறங்கி காதர்பேட்டைக்கு நடந்தே போயிடலாம், நாலு கடைல விலை கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க, ஜிஎஸ்எம் (துணியோட கனத்த சொல்ற அளவு) எவ்வளவுன்னு கேளுங்க, ஒரு பீஸ வாங்கிட்டு வந்து துவைச்சு பாருங்க சுருங்குதான்னு. சைஸ் லிஸ்ட் எழுதி எடுத்துட்டு போங்க.